கேட்டுப் படிக்கும் உரிமை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவுப் பாடசாலையாகத் தன் பணியைத் தொடங்கியது. ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் நான்கைந்து பாய்களுமே அன்றைய சொத்து. இன்று நமக்கென ஒரு படிப்பகம் இருக்கிறது. அலமாரிகள் நிறைய நூல்கள் இருக்கின்றன. "நூலகமும் நம் சமுதாயமும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். மிகப் பரந்த அப்பொருளில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். கண்பார்வை இல்லாத ஒருவர் நம் நூலகத்தின் படியேறி வந்தால், அவர் கையில் நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? இவ்வொரு கேள்விக்குள் நின்று பேச விரும்புகிறேன்.

என் பிழையிலிருந்து தொடங்குகிறேன்

பிறர் குறையைச் சொல்லுமுன் தன் குறையைச் சொல்வதே ஆசிரியனுக்கு அழகு. நான் பட்டதாரி ஆசிரியராகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் என் வகுப்பில் பயின்றார். எட்டாம் வகுப்பில் கரும்பலகை மங்கியது. ஒன்பதாம் வகுப்பில் புத்தகமே மறைந்தது. பெற்றோர் பள்ளியை விட்டு நிறுத்திவிட நினைத்தனர். நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "நான் படித்துக் காட்டுகிறேன், பிள்ளையை அனுப்புங்கள்" என்று கேட்டுக் கொண்டேன்.

சொன்னபடியே செய்தேன். நண்பர் ஒருவரிடம் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கி, வரலாறு, புவியியல், தமிழ்ப் பாடங்களை ஒலிநாடாக்களில் படித்துப் பதிந்து கொடுத்தேன். பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும் நாடாக்கள் அவை. நாடா சிக்கிக்கொண்டால் அவருடைய தம்பி பென்சிலை உள்ளே விட்டுச் சுற்றிச் சரி செய்வான். தேர்வில், அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுத, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கருவியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கடமை முடிந்தது என்று எண்ணினேன்.

சில மாதங்கள் கழித்து அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அருகிலிருந்த நூலகத்திற்குச் சென்றிருக்கிறார். அங்கிருந்தவர் இரக்கமுள்ள மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "உனக்கு ஏற்ற புத்தகம் இங்கே ஒன்றும் இல்லையம்மா" என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். மறுநாள் அவர் என்னிடம் வந்து கேட்டார்: "ஐயா, பாடப் புத்தகத்தை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அந்த அலமாரிகளில் இருக்கிற மற்றப் புத்தகங்களில் என்னதான் எழுதியிருக்கிறது?"

என்னால் விடை கூற முடியவில்லை. தேர்வில் தேறுவதற்கு மட்டுமே அவருக்குப் புத்தகம் வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கதை வேண்டும், கவிதை வேண்டும், தலைவர்களின் வாழ்க்கை வேண்டும், காரணமின்றிப் படிக்கும் இன்பம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்மைப் பார்த்து, "இவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்டவர்களுக்கும் எனக்கும் அன்று என்ன வேறுபாடு இருந்தது? அக்கேள்வி இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை.

செவிக்கு விதித்த தடை

அன்புக்குரியவர்களே, காதால் கேட்டுக் கற்பது கண்ணால் படிப்பதற்குத் தாழ்ந்தது என்று நம்மில் சிலர் நினைக்கக்கூடும். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து, 42 ஆவது அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். செவியால் பெறும் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாகப் போற்றினார்.

செவியின் ஆற்றலை நம்மை ஒடுக்கியவர்களும் நன்கு அறிந்திருந்தனர். வேதம் ஓதுவதைச் சூத்திரன் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்மசூத்திரம் விதித்தது. ஒரு நூலைக் கேட்பதே தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதி வைத்த நாடு இது. ஆகவே, ஒரு நூல் ஒருவரின் செவியை எட்டாமல் இருப்பதன் பொருள் என்னவென்று மற்றவர்களுக்கு நாம் விளக்க வேண்டியிருக்கலாம். நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இன்று பார்வையற்றவர் முன்னே நூலை மூடி வைப்பது எவருடைய வன்மமும் அன்று, நம்முடைய மறதியே. எனினும், வெளியே நிற்பவருக்கு மூடிய கதவு மூடிய கதவுதான்.

பம்பாயில் தாம் கட்டிய இராஜகிருகம் இல்லத்தை நூல்களுக்காகவே அமைத்த அண்ணல் அம்பேத்கர், வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நீரிழிவு நோயாலும் பார்வைக் குறைவாலும் வாடினார். அத்தனை நூல்களைக் கற்ற கண்களுக்கே அந்நிலை வந்ததெனில், அது எந்த வீட்டுக்கும் வரலாம். நம் தெருக்களில் நீரிழிவாலும் கண்நீர் அழுத்த நோயாலும் பார்வை குன்றிய பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இது யாரோ சிலருடைய சிக்கலன்று.

ஆறு புள்ளிகளும் பேசும் நூலும்

பார்வையற்றோருக்கு எழுத்தைக் கொடுத்தவர் லூயி பிரெயில். பிரான்சு நாட்டில் 1809 ஆம் ஆண்டு பிறந்த இவர், குதிரைகளுக்குத் தோற்கருவிகள் செய்த ஒரு தொழிலாளியின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது, தோலில் துளையிடும் குத்தூசி ஒரு கண்ணில் பட்டது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவி இரு கண்களும் போயின. அவரே பின்னாளில் ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை அமைத்து, 1829 இல் வெளியிட்டார். தோல் தொழில் செய்தவர் வீட்டுப் பிள்ளை உலகப் பார்வையற்றோர் அனைவருக்கும் எழுத்தறிவித்தான் என்பதை நம் இளைஞர்கள் மறக்கக் கூடாது. நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951 இல் ஏற்றுக் கொள்ளப்பட்டது.

பிரெயில் எழுத்தைக் கற்கும் குழந்தைக்கு அதற்கு ஈடானது வேறில்லை. எழுத்துக்கூட்டையும் நிறுத்தக் குறியையும் விரல் நேரே உணர்கிறது. ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. தடித்த தாளில் புடைத்து நிற்கும் எழுத்து இடத்தை விழுங்கும். தமிழில் "கி" என்று எழுதக் "க" என்பதற்கு ஒரு கட்டமும் "இ" என்பதற்கு மற்றொரு கட்டமும் வேண்டும். அச்சில் ஒரு கையில் அடங்கும் நூல், பிரெயிலில் பல தொகுதிகளாகி அலமாரித் தட்டை நிறைத்துவிடும். மேலும், ஐம்பது வயதுக்கு மேல் பார்வை இழந்தவருக்கு, அதிலும் நீரிழிவால் விரல்நுனி உணர்வு மங்கியவருக்கு, புள்ளிகளைத் தடவிப் படிப்பது எளிதன்று. அத்தகையோருக்கு ஒலிநூலே வழி.

தாமஸ் ஆல்வா எடிசன் 1877 இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அதன் பயன்களை மறு ஆண்டே பட்டியலிட்டபோது, பார்வையற்றோருக்குத் தாமே பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். அக்கனவு நனவாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் 1931 இல் பார்வையற்ற பெரியோருக்கான நூல்களுக்கு அரசு நிதி ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. 1934 முதல் இசைத்தட்டு வடிவில் பேசும் நூல்கள் அந்நாட்டில் வழங்கப்பட்டன. இங்கிலாந்தில் 1935 இல் இப்பணி தொடங்கியது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களின் தேவையே அங்கு இதற்குத் தூண்டுகோல். தட்டுகளுக்குப் பின் ஒலிநாடா வந்தது. அதற்குப் பின் குறுந்தகடு வந்தது. இன்று கைப்பேசியே போதும்.

கருவி மாறியதோடு நூலின் அமைப்பும் மாறியது. ஒலிநாடாவில் ஏழாம் அத்தியாயத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்றது. அக்குறையை நீக்க எழுந்ததே "டெய்சி" என்னும் அமைப்பு. பல நாட்டு நூலகங்கள் 1996 இல் ஒன்றுகூடி இதற்கெனக் கூட்டமைப்பை உருவாக்கின. டெய்சி முறையில் அமைந்த நூலைக் கேட்பவர், அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவலாம். குறித்த பக்கத்திற்குச் செல்லலாம். அடையாளம் வைத்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். கண்ணுள்ளவர் நூலைப் புரட்டுவதுபோல் செவியால் புரட்டும் வசதி இது.

சட்டம் திறந்து வைத்த வாசல்

நூல்கள் ஏன் ஒலிவடிவம் பெறவில்லை என்று கேட்டால், நெடுங்காலம் கூறப்பட்ட விடை பதிப்புரிமை என்பதே. நூலாசிரியரின் உரிமை மதிக்கப்பட வேண்டியதே. அதற்காக வாசகனின் உரிமையைப் பலியிட வேண்டியதில்லை. நம் நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012 இல் திருத்தப்பட்டது. அதன் 52 ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட விதிப்படி, மாற்றுத் திறனாளி ஒருவர் படிப்பதற்காக ஒரு நூலை அவருக்கேற்ற வடிவில் மாற்றுவது உரிமை மீறல் ஆகாது. தனிமனிதரும் செய்யலாம், இலாப நோக்கின்றி அவர்களுக்காகப் பணியாற்றும் அமைப்புகளும், அரசு ஏற்பு பெற்ற நூலகங்களும் செய்யலாம்.

உலக அளவிலும் மாற்றம் வந்தது. மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் 2013 ஜூன் 27 அன்று, பார்வையற்றோருக்கும் அச்சு நூலைப் படிக்க இயலாத பிறருக்கும் உரிய நூல்வடிவங்களை நாடு விட்டு நாடு அனுப்ப வகை செய்யும் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2014 ஜூன் மாதத்தில் அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. இருபது நாடுகள் சேர்ந்தபின், 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இவ்வுடன்படிக்கை பார்வையற்றோரோடு நிற்கவில்லை. எழுத்துகளைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் குழந்தையும், கைகளால் நூலைப் பிடிக்க இயலாதவரும் இதன் பயனுக்கு உரியவர்களே.

அதே 2016 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடுவணரசின் சமூகநீதி அமைச்சகமும் இந்திய டெய்சி மன்றமும் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனமும் இணைந்து "சுகம்ய புஸ்தகாலயா" என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கின. அச்சைப் படிக்க இயலாத குறைபாடு உடையவர் அதில் உறுப்பினராகிப் பல மொழி நூல்களைப் பெறலாம். அவ்வாண்டு நிறைவேறிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய மாணவர்களுக்குப் பதினெட்டு வயது வரை நூல்களும் கற்றல் கருவிகளும் இலவசமாகக் கிடைக்க வழிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது.

நம் மாநிலம் நூலகத் துறையில் முன்னோடி. விடுதலை பெற்ற நாட்டில் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் சென்னை மாகாணத்தில்தான் நிறைவேறியது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931 இல் நூலாக வெளியிட்ட அரங்கநாதனும் இம்மண்ணில் பிறந்தவரே. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய இரண்டாம் விதி. சென்னையில் 2010 இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023 இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத் திறனாளிகளுக்குப் பிரிவு உண்டு. இவற்றை நன்றியுடன் வரவேற்கிறோம். ஆயினும், நம் சிற்றூரிலிருந்து தலைநகருக்குப் பேருந்து ஏறிச் சென்றால்தான் அரங்கநாதனின் விதி பொருந்தும் என்றால், அது முழுமையாகப் பொருந்திற்று என்று கூற முடியாது.

குரல் தேவை

சட்டம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கைப்பேசி இல்லாத வீடு அரிது. இனி இல்லாதது எது? நம்மவர் கேட்க விரும்பும் தமிழ் நூல்கள் ஒலியாக வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தவர்களின் குரல் வேண்டும். அதனால்தான் இளைஞர்களாகிய உங்களிடம் வந்து நிற்கிறேன்.

இயந்திரமே படித்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். கணினித் திரையைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. போன்ற இலவச மென்பொருள்கள் தமிழையும் படிக்கின்றன. அவற்றைப் பார்வையற்ற மாணவர்களுக்கு அவசியம் கற்பிக்க வேண்டும். ஆனால் ஒருங்குறியில் தட்டச்சிட்ட எழுத்தைத்தான் அவை செம்மையாகப் படிக்கும். பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பைத் தாறுமாறாக ஒலிக்கும். வெறும் படமாக எடுத்து வைத்த பக்கத்தின் முன் ஊமையாகிவிடும். நம்முடைய பழைய நூல்கள் பெரும்பாலும் படங்களாகவே கிடக்கின்றன. கதையையும் கவிதையையும் மனிதக் குரலில் கேட்கும் சுவையும் வேறு.

நம் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். 

முதலாவது, கணக்கெடுப்பு. நம் பகுதியில் பார்வை இழந்தோர், குறைந்தோர் யார் யார், அவர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று வீடு வீடாகச் சென்று கேளுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று நாமே தீர்மானிக்கும் தவற்றை நான் முன்பே செய்துவிட்டேன், நீங்கள் செய்யாதீர்கள். குறைபாட்டுச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு அவற்றைப் பெற உதவுங்கள். அவற்றைக் கொண்டு இணைய நூலகத்தில் அவர்களை உறுப்பினராக்குங்கள்.

இரண்டாவது, வாசிப்புக் குழு. இருநூறு பக்க நூலை உரக்கப் படிக்க ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். பத்து இளைஞர்கள் வாரத்திற்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், தேர்வுக் காலத்தையும் திருத்தும் வேலையையும் கழித்தாலும், ஓராண்டில் இருபது நூல்களை முடிக்கலாம். ஒரு நூலை இயன்றவரை ஒருவரே படியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படியுங்கள். தொடக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனிக் கோப்பாகப் பதியுங்கள். பக்க எண்ணைச் சொல்லுங்கள்; படமும் அட்டவணையும் வந்தால் தாண்டிவிடாமல் விளக்குங்கள். ழகர, லகர, ளகர வேறுபாடு கெடாமல் ஒலியுங்கள். கேட்பவருக்கு உங்கள் நாவே எழுத்து.

மூன்றாவது, நூல் தேர்வு. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த நூல்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. 1907 இல் இதழ் தொடங்கித் தமிழர் சிந்தனையைத் தட்டியெழுப்பிய அயோத்திதாசப் பண்டிதர் 1914 இல் மறைந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1939 இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 இல் மறைந்தார். நம் பெரியோரின் எழுத்தே நம் முதல் ஒலிநூல்களாக அமையட்டும்.

நான்காவது, ஒழுங்கு. பதிப்புரிமை உள்ள நூலைப் பதிந்தால் அது குறைபாடு உடையவர்களின் கைகளுக்கு மட்டுமே செல்ல வேண்டும். ஆர்வ மிகுதியால் அதை யூடியூபிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ பரப்பிவிடாதீர்கள். சட்டம் கொடுத்த சலுகையைச் சட்டப்படியே பயன்படுத்த வேண்டும். சங்கம் என்ற முறையில் வழங்கும்போது, அரசு ஏற்பு பெற்ற நூலகம் ஒன்றோடு இணைந்து செயல்படுவது பாதுகாப்பானது. பதிவேடு ஒன்றில் யாருக்கு எந்நூல் வழங்கப்பட்டது என்று எழுதி வையுங்கள்.

இறுதியாக

அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி, பின்னர் பட்டம் பெற்று இன்று அரசுப் பணியில் இருக்கிறார். அதற்கு நான் காரணம் என்று கூறிக்கொள்ள மாட்டேன். அவருடைய தம்பியும், வாசித்துக் காட்டிய கல்லூரித் தோழியரும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய விடாமுயற்சியுமே காரணம். அவரும் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; சொல்லவில்லை. தம்மைப்பற்றிப் பேச இசைவு தந்தபோது, சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்: "ஐயா, இந்த உரை வெள்ளி விழா மலரில் அச்சாகும் என்கிறார்கள். அதை எனக்கு யார் படித்துக் காட்டப் போகிறார்கள்?"

விழாக் குழுவினரே, முதல் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இரண்டாவது கேள்விக்கும் விடையின்றி நிற்க எனக்கு மனமில்லை. நம் மலரே நம் முதல் ஒலிநூலாக வேண்டும். அட்டை முதல் நன்கொடையாளர் பட்டியல் வரை ஒரு பக்கமும் விடாமல் அதைப் பதிய வேண்டும். என் உரையை நானே படித்துத் தருகிறேன். மற்றக் கட்டுரைகளைப் படிக்க முன்வரும் இளைஞர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். குறிப்பேட்டோடு வாயிலருகே காத்திருப்பேன்.